மாமா உலர்த்திய துணிகள்

எங்கள் மாமாவின் தொப்பையைப் பற்றி வீட்டில் யாரும் பெருமையாகப் பேசியது கிடையாது. அப்பா கேலி செய்வார். முப்பதைத் தாண்டுவதற்குள் இப்படியா என்று அம்மா கவலைப்படுவாள். பெண் பார்க்கப் போன ஓர் இடத்தில் அதைக் காரணம் காட்டித்தான் வேண்டாம் என்றார்கள் என்றும் ஒரு பேச்சு உண்டு. அந்தத் தொப்பைக்கும் ஒரு நல்ல காலம் வந்தது. விடாமல் மழை பெய்த ஒரு கார்த்திகை மாதத்தில் வந்தது. அதைப் பக்கத்திலிருந்து பார்த்தவள் நான்.

அப்போது எனக்கு எட்டு வயது. ஆவடியை அடுத்த கோவில்பதாகையில், ஏரிக்குச் சற்றுத் தள்ளி, ஒரு மாடி வீட்டின் கீழ்ப்பகுதியில் வாடகைக்கு இருந்தோம். அப்பா டிரெய்லர் லாரி ஓட்டுபவர். தம்பி பிறந்து, அவனுக்குத் தலை நிற்பதற்கு முன்பே அவருக்குக் குஜராத் பக்கம் லோடு அமைந்துவிட்டது. போகிற வழியெல்லாம் போன் செய்து, மழை நின்றதா, குழந்தை பால் குடித்ததா என்று கேட்பார். அம்மாவைப் பெற்றவள் நான் பிறக்கும் முன்பே தவறிவிட்டாள். ஆக, பிள்ளை பெற்ற வீட்டில் ஒரு பெண்பிள்ளை வந்து நிற்க வேண்டிய இடத்தில், அம்மாவின் தம்பி வந்து நின்றார்.

அவருக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் பட்டறையில் வேலை. பட்டறைக்குள் தண்ணீர் புகுந்து மெஷின்கள் எல்லாம் நனைந்துவிட்டதால் கதவைச் சாத்திவிட்டார்கள். ஒரு தோள்பையும் ஒரு பன் பாக்கெட்டுமாகத் தொப்பலாக நனைந்து வந்து வாசலில் நின்றார்.

"யக்கா, தண்ணி வடியற வரிக்கும் இங்கதான். சோறு போடுவியா, தொரத்திடுவியா?"

அம்மா சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். தூங்குகிறாள் போலிருக்கிறது என்று மாமா குரலைத் தாழ்த்திக்கொண்டார். நான் கிட்டே போய் எட்டிப் பார்த்தேன். கண் திறந்துதான் இருந்தது.

அந்த நாட்களில் அம்மா பெரும்பாலும் அப்படித்தான் கிடந்தாள். சமையல் ஏதோ நடக்கும். பால் குடிக்கும் நேரம் வந்தால் நான்தான் தம்பியைத் தூக்கிக்கொண்டு போய் அவள் பக்கத்தில் விடுவேன். ஒரு வேலையைச் செய்து முடிப்பது போலப் பால் கொடுப்பாள். முடிந்ததும் அவனை என் பக்கமாக நகர்த்திவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொள்வாள். அவனைக் கொஞ்சி நான் பார்த்ததில்லை. அத்தனை மாதம் வயிற்றில் சுமந்த அலுப்பு தீர இன்னும் நாளாகும் என்று நானே ஒரு கணக்குப் போட்டு வைத்திருந்தேன்.

மாமாவுக்குக் குழந்தையைப் பற்றி ஒன்றும் தெரியாது என்பது எங்கள் வீட்டில் எல்லோரும் ஒத்துக்கொண்ட விஷயம். தம்பி பிறந்த அன்று ஆஸ்பத்திரியில் அவர் கையில் குழந்தையைக் கொடுத்தபோது, அடுப்பிலிருந்து இறக்கிய குக்கரைப் பிடிப்பது போல இரண்டு கையையும் நீட்டி விறைப்பாகப் பிடித்துக்கொண்டு, "போதும், வாங்கிக்குங்க" என்று கெஞ்சினார். அவருடைய உள்ளங்கை உப்புத்தாள் மாதிரி இருக்கும். லேத்தில் இரும்புச் சுருள் கிழித்த கோடுகள், காய்த்துப்போன மேடுகள், எத்தனை சோப்பு போட்டாலும் போகாத கறுப்பு. அந்தக் கையால் என் கன்னத்தைக் கிள்ளினால் சாயங்காலம் வரை எரியும்.

அவர் வந்த மறுநாள் தம்பி அழத் தொடங்கினான். பசிக்கு அழுகிற அழுகை இல்லை. காலை உதைத்து, முகம் கறுத்து, மூச்சு நின்று நின்று வரும் அழுகை. மாமா தோளில் போட்டுத் தட்டினார், பாடினார், பன்னைக் காட்டினார். பல் முளைக்காதவனுக்குப் பன் எதற்கு என்று நான் கேட்டேன். கடைசியில் டயாபரைக் கழற்றிப் பார்க்கலாம் என்று தோன்றியது. ஒட்டியிருந்த பட்டைகளை எப்படிப் பிரிப்பது என்று தெரியாமல் பிளாஸ்திரி உரிப்பது போல உரித்தார்.

நான் அதுவரை அப்படி ஒரு சிவப்பைப் பார்த்ததில்லை. தொடை இடுக்கு, பின்பக்கம், மடிப்புக்குள் எல்லாம் பளபளவென்று தோல் உரிந்தது போல இருந்தது. ஓரங்களில் சின்னச் சின்னப் புள்ளிகள். மழையில் துணி எதுவும் காயாததால் டயாபரையே போட்டுக்கொண்டிருந்தோம். தெருவில் தண்ணீர் ஏறிக் கடைகள் மூடியதால், இருந்ததை மிச்சம் பிடிக்க ஒன்றையே வெகு நேரம் விட்டுவைத்தோம். காற்றுப் பட்டதும் தம்பி வீறிட்டான். மாமா வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருந்தார். யார் இதைப் பார்க்காமல் விட்டது என்று கேட்பார் என எதிர்பார்த்தேன். அவர் கட்டில் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்தார், அவ்வளவுதான்.

அழுகை மாடிக்குக் கேட்டு ஹவுஸ் ஓனர் அம்மா இறங்கி வந்தார். நல்ல மனுஷி. எதற்கும் ஓடி வருவார், வந்ததும் காரணம் சொல்வார். கையோடு கொண்டுவந்த பவுடர் டப்பாவைத் தம்பியின் இடுப்புக்குக் கீழே கவிழ்த்துத் தட்டினார். அறை முழுக்க வெள்ளைப் புகை. தம்பி தும்மினான், மாமா தும்மினார், நானும் தும்மினேன்.

"இது அக்கி மாரி கீதுப்பா. காவி பூசி எழுதிட்டா நின்னுடும்" என்றார். பிறகு கட்டில் பக்கம் பார்த்து, குரலைக் குறைப்பதாக நினைத்துக்கொண்டு, குறைக்காமல் சொன்னார்: "பெத்தவ வாயக் கட்டணும். கத்திரிக்கா, கருவாடுன்னு துன்னா, பால்ல எறங்கி புள்ளைக்குத்தான் வரும்."

ஹவுஸ் ஓனர் அம்மா மாடி ஏறிப் போன பிறகு, மாமா குழந்தையை அம்மாவின் அருகே கொண்டுபோனார். "யக்கா, கொஞ்சம் புடி. நான் தண்ணி காய வெக்கிறேன்."

"என்கிட்ட குடுக்காதடா" என்றாள் அம்மா. "நான் தொட்டா அவனுக்கு ஆவல. தூக்கிக்கினு போ."

எங்கள் வகுப்பில் ஒருத்திக்கு மெட்ராஸ் ஐ வந்தபோது அவளைத் தனியாக உட்கார வைத்திருந்தார்கள். அம்மாவுக்கும் தம்பிக்கும் அப்படி ஏதோ தொற்றிக்கொள்கிற சமாச்சாரம் போலிருக்கிறது, அதனால்தான் ஜாக்கிரதையாக இருக்கிறாள் என்று நினைத்தேன். மாமாவின் முகம் ஏன் அப்படி மாறியது என்பதுதான் விளங்கவில்லை.

மறுநாள் காலை மழை கொஞ்சம் விட்டது. மெயின் ரோட்டில் இருந்த கிளினிக்குக்குப் போவது என்று மாமா முடிவு செய்தார். வாசல் மேட்டைவிட்டு இறங்கினால் தெருவில் அவருக்கு முழங்கால் அளவு தண்ணீர், எனக்கு இடுப்பளவு. அதனால் என்னை முதுகில் உப்பு மூட்டையாக ஏற்றிக்கொண்டார். தம்பியைப் பழைய துணியில் சுற்றித் தன் சட்டைக்குள் விட்டு, மேலே ரெயின்கோட்டை மாட்டினார். குடையை நான் பிடித்தேன். எங்கே பள்ளம், எங்கே மேடு என்று தெரியாத கலங்கல் தண்ணீரில் ஒவ்வொரு காலாகத் துழாவித் துழாவி வைத்தார். பாதி வழியில் நின்று, "அடப்பாவி, வெந்நீர் ஊத்திட்டான்டி உன் தம்பி" என்றார். சட்டை வழியாக அது வழிந்து தெருத் தண்ணீரில் கலந்தது. அவர் குரலில் சலிப்பே இல்லை. குளிருக்கு இதமாக இருந்தது என்றுகூடச் சொன்னார்.

டாக்டர் அம்மா கண்ணாடி போட்ட, கொஞ்சம் களைத்த முகக்காரர். தம்பியின் காலை மெல்ல விரித்து, டார்ச் அடித்துப் பார்த்தார்.

"ஈரத்துல வர்ற சாதாரணப் புண்ணுதான் மொதல்ல வந்திருக்கும். இப்ப மேல காளான் புடிச்சிருக்கு. மடிப்புக்குள்ள சிவப்பு, சுத்தி புள்ளி புள்ளியா இருக்குது பாருங்க, அதான் அடையாளம். பவுடர் போட்டீங்களா?"

மாமா தலை குனிந்தார்.

"இனிமே வேண்டாம். மூச்சுல போகும். வெதுவெதுப்பான தண்ணியில கழுவுங்க, சோப்பு வேண்டாம். தேய்க்காதீங்க, ஒத்தி எடுங்க. நல்லாக் காய்ஞ்ச அப்புறம் இந்தக் கிரீம், மெல்லிசா. டயாபர் கொஞ்ச நாளைக்கு வேண்டவே வேண்டாம், காத்தாடக் கெடக்கட்டும். நனைஞ்ச துணி ஒரு நிமிஷம்கூட மேல இருக்கக்கூடாது. ஜுரம் வந்தாலோ, சீழ் கோத்தாலோ உடனே தூக்கிட்டு வாங்க, அப்புறம் ஆஸ்பத்திரியில சேக்க வேண்டியிருக்கும்."

அவர் சொன்னதில் எனக்குப் பிடிபட்ட வார்த்தை காளான் ஒன்றுதான். மழை பெய்தால் எங்கள் மதில் சுவரோரம் குடை குடையாக முளைக்குமே, அந்தக் காளான் என் தம்பியின் பின்பக்கத்தில் முளைக்கப்போகிறது. எனக்குப் பயமாகவும் இருந்தது, பார்த்துவிட வேண்டும் என்று ஆசையாகவும் இருந்தது.

"டாக்டர், அவங்கம்மா எதுனா துன்னதால வந்துதா?" என்று கேட்டார் மாமா.

"யார் சொன்னா? அதெல்லாம் இல்லவே இல்ல. வீட்டுக்குப் போனதும் அவங்ககிட்ட அத மொதல்ல சொல்லுங்க." பிறகு டாக்டர் அம்மா பேனாவை மூடினார். "அவங்க ஏன் வரல?"

மாமா என்னைப் பார்த்தார். வெளியே பெஞ்சில் போய் உட்காரச் சொன்னார்கள். கதவு முழுதாகச் சாத்தவில்லை. அம்மா தூங்குகிறாளா, சாப்பிடுகிறாளா, குழந்தையை எடுக்கிறாளா என்று டாக்டர் அம்மா ஒவ்வொன்றாகக் கேட்பதும், மாமா எல்லாவற்றுக்கும் இல்லை என்று சொல்வதும் கேட்டது. புண் வந்தது தம்பிக்கு, கேள்வி மட்டும் ஏன் அம்மாவைப் பற்றி என்று யோசித்தேன். தண்ணீர் வடிந்த பிறகு மாமா அம்மாவையும் அங்கே கூட்டிப் போனார். அங்கிருந்து வேறொரு டாக்டரிடம் அனுப்பினார்கள். அம்மா பல மாதங்கள் மாத்திரை சாப்பிட்டாள். டானிக் மாத்திரை என்று எனக்குச் சொன்னார்கள். பிள்ளை பெற்ற சில பேருக்கு மனசு அப்படி இருண்டு போய்விடும், அது யார் தப்பும் இல்லை என்று நான் தெரிந்துகொண்டபோது எனக்கே கல்யாணமாகியிருந்தது.

அன்று கிளினிக்கிலிருந்து திரும்பி வீட்டுக்குள் காலை வைத்ததும், ரெயின்கோட்டைக்கூடக் கழற்றாமல், மாமா கத்தினார்: "யக்கா! உன்னால இல்லியாம்! டாக்டரே சொல்லிட்டாங்க. ஈரந்தான் காரணமாம். கத்திரிக்காவும் இல்ல, கருவாடும் இல்ல!"

மருந்து வாங்கியதை முதலில் சொல்ல வேண்டாமா என்று நினைத்தேன். அம்மா போர்வையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் ஒரே ஒரு பொருளுக்குத்தான் மதிப்பு. காய்ந்த துணி. கூடத்து நடுவில் ரப்பர் ஷீட்டை விரித்து, அதன்மேல் துணி மடித்துப் போட்டு, தம்பியை வெற்று உடம்பாகக் கிடத்தினார் மாமா. நனைந்த நிமிஷமே அடியில் இருந்த துணியை உருவி வேறு போட வேண்டும். என் தம்பிக்கோ அதைத் தவிர வேறு வேலையில்லை. பழைய லுங்கிகள் தீர்ந்தன. அப்பாவின் வேட்டி தீர்ந்தது. மாமா அலமாரியைத் திறந்து வைத்துக்கொண்டு, "யக்கா, எந்தப் பொடவைய கிழிக்கட்டும்?" என்று கேட்டார். சரிகை போட்ட ஒன்றை அவர் உருவியதும், கட்டிலிலிருந்து மெல்லிய குரல் வந்தது.

"அது வேணான்டா, குத்தும். கீழ மஞ்சள்ல நூல் பொடவ கீது பாரு. அது மெத்துன்னு இருக்கும்."

மாமா அந்த மஞ்சள் புடவையைக் கையில் வைத்துக்கொண்டு வெகு நேரம் நின்றார். ஒரு பழைய புடவைக்கு இவ்வளவு சந்தோஷமா என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

துவைத்துவிடலாம், அலசிவிடலாம். காய வைப்பது எப்படி? வெயில் என்ற ஒன்று இருப்பதே மறந்துவிட்டது. கொடியில் போட்டால் நேற்றையது இன்றும் சொதசொதவென்று இருந்தது, வாடை வேறு. முதல் நாள் கரண்ட் இருந்ததால் அயர்ன் பாக்ஸால் தேய்த்துத் தேய்த்துச் சமாளித்தார். மறுநாள் மத்தியானம் டப்பென்று ஒரு சத்தம், கரண்ட் போயிற்று. டிரான்ஸ்பார்மர் வெடித்துவிட்டது, தண்ணீர் வடியாமல் யாரும் வரமாட்டார்கள் என்றார்கள். தோசைக்கல்லில் துணியைக் காட்டலாம் என்றால் சிலிண்டர் காலியாகப் போகிறது போல லேசாக ஆடியது. பால் காய்ச்சவும் வெந்நீர் வைக்கவும் அதை மிச்சம் பிடித்தாக வேண்டும். மாமா பைக்கை ஸ்டார்ட் செய்து, சூடான சைலன்சரில் ஒரு துணியைச் சுற்றிப் பார்த்தார். அது கருகி, பெட்ரோல் நாற்றம் அடித்தது. தூக்கி எறிந்துவிட்டு, சட்டையைக் கழற்றித் தன் வயிற்றையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"பாப்பா, இங்க கைய வெய்யி. சூடா கீதா?"

வைத்தேன். அந்தக் குளிரிலும் அடுப்பங்கரைச் சுவர் மாதிரி கதகதப்பாக இருந்தது.

"அப்ப இன்னாத்துக்குக் கவலைப்படறோம்?" என்றார்.

துணிகளைப் பலம் கொண்ட மட்டும் பிழிந்தார். லேத் கை அது, பிழிந்தால் ஒரு சொட்டு மிஞ்சாது. பிழிந்ததை உதறி, வயிற்றைச் சுற்றி ஒன்று, மார்பில் ஒன்று, முதுகில் ஒன்று, இரண்டு தோளிலும் இரண்டு, தொடையில் இரண்டு என்று சுற்றிக்கொண்டார். முதல் துணி பட்டதும் உடம்பு ஒருமுறை தூக்கிப்போட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு, "ஒண்ணியும் இல்ல, ஐஸ்கிரீம் மாரி கீது" என்றார். பிறகு கூடத்துக்கும் சமையலறைக்கும் வேகமாக நடக்கத் தொடங்கினார். நடந்தால் சூடு ஏறுமாம். தண்டால் எடுத்தார். தோப்புக்கரணம் போட்டார். கொஞ்ச நேரத்தில் அவருடைய தோளிலிருந்து லேசாக ஆவி கிளம்புவதை நான் பார்த்தேன். வாசல் வெளிச்சத்துக்கு எதிரில் அது சுருள் சுருளாக மேலே போனது. என் மாமா புகைகிறார்! தெருவில் போகிற யாரையாவது கூப்பிட்டுக் காட்ட வேண்டும் போலிருந்தது. தெருவிலோ ஒரு நாய்கூட இல்லை.

அந்த நேரம் பார்த்து ஹவுஸ் ஓனர் அம்மா வந்து, உடம்பெல்லாம் மஞ்சள் கட்டுகளோடு நிற்கிற மாமாவைக் கண்டு நெஞ்சில் கை வைத்தார். "ஐயய்யோ, இன்னாப்பா ஆச்சு? எங்க உயுந்த?"

"உயுவலமா. துணி காயப் போட்டுக்கினு கீறேன்."

அவருக்கு விளங்கச் சற்று நேரம் பிடித்தது. ஒரு துணியைத் தொட்டுப் பார்த்தார். பிறகு ரப்பர் ஷீட்டில் கிடந்த தம்பியைப் பார்த்தார். முதல்முறையாக ஒரு காரணமும் சொல்லவில்லை. வாளியில் இருந்த ஈரத் துணிகளில் பாதியை அள்ளிக்கொண்டு, "எங்கூட்ல சிலிண்டர் முழுசா கீது. அடுப்பு மேல இட்லி குண்டானக் கவுத்துப் போட்டு நான் காய வெச்சுத் தரேன். நீ மார்ச்சளி புடிச்சி சாவாத" என்று திட்டிக்கொண்டே மாடி ஏறினார்.

மாமா தும்மத் தொடங்கியிருந்தார். ஆனாலும் நிறுத்தவில்லை. அவர் உடம்பிலிருந்து உரித்த துணியைத் தொட்டால் புதிதாகச் சுட்ட ரொட்டி மாதிரி இருக்கும். அதை அப்படியே தம்பியின் அடியில் விரிப்பார். தம்பி அந்தச் சூட்டை உணர்ந்ததும் உதைப்பதை நிறுத்திவிட்டு, கண்ணை அகல விரித்து மேலே பார்ப்பான். அதைப் பார்க்க மாமா மறுபடியும் ஈரத்தைச் சுற்றிக்கொள்வார்.

கழுவி மருந்து போடுவது அதைவிடப் பெரிய சடங்கு. மாமா தன் உள்ளங்கையை ஒருமுறை தம்பியின் தொடையில் வைத்துப் பார்த்து, அவன் முகம் சுளித்ததும் வெடுக்கென்று எடுத்துவிட்டார். அதன்பிறகு உள்ளங்கையை உபயோகிக்கவே இல்லை. எல்லாம் புறங்கையால்தான். வெந்நீரின் சூட்டைப் புறங்கையில் விட்டுப் பார்ப்பார். சொட்டுச் சொட்டாக ஊற்றி, மஞ்சள் புடவைத் துண்டால் ஒத்தி எடுப்பார். ஒற்றும்போது மூச்சைப் பிடித்துக்கொள்வார். பேப்பரை மடித்து என் கையில் கொடுத்து மெதுவாக விசிறச் சொல்வார். ஈரம் போய்விட்டதா என்று மறுபடி புறங்கையால் தொட்டுப் பார்ப்பார். கடைசியாகத்தான் கிரீம். விரல் நுனியில் துளி எடுத்து, இரும்பில் மயிரிழைக் கணக்குப் பார்க்கிற மனிதர் அல்லவா, அத்தனை மெல்லிதாகப் பூசுவார். நானும் தினமும் குனிந்து காளான் முளைத்துவிட்டதா என்று தேடினேன். ஒன்றும் முளைக்கவில்லை. மாறாக, ஓரத்துப் புள்ளிகள் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. சிவப்பு இளஞ்சிவப்பானது. உரிந்த இடத்தில் மெல்லிய புதுத்தோல், வெங்காயத்தின் உள்தோல் போல, பளபளப்பாக வந்தது. ஒரு மனிதத் தோல் கண்ணெதிரே தன்னைத் தானே தைத்துக்கொள்வதை அப்போதுதான் பார்த்தேன். அதற்குப் பிறகு எத்தனையோ அதிசயங்களைப் பார்த்துவிட்டேன். எதுவும் அந்த அளவுக்கு வாயடைக்க வைக்கவில்லை.

ஒவ்வொரு முன்னேற்றத்தையும் மாமா தண்டோரா போட்டார். "யக்கா, இடது தொடை கிளியர்!" "யக்கா, இன்னிக்கு அழுவல!" "யக்கா, உன் பொடவதான் ஒத்துக்கினுது அவனுக்கு!" கட்டில் இருந்த அறைக்குக் கேட்கும்படி ஒவ்வொன்றையும் கத்துவார். பெருமை அடித்துக்கொள்கிறார் என்று நினைத்தேன். அடித்துக்கொள்ளட்டும், அவ்வளவு செய்தவர்தானே என்றும் நினைத்தேன். அம்மா ஒரு தடவை, "சாயங்காலம் மூத்தரம் போறப்ப அழறானாடா?" என்று கேட்டாள். அன்றைக்கு மாமா இரண்டு தட்டு சோறு சாப்பிட்டார்.

புண் ஏறக்குறைய ஆறிவிட்ட ஒரு காலை. தூறல் மட்டும் இருந்தது. தம்பியைக் கழுவி, ஒத்தி, விசிறி எல்லாம் ஆயிற்று. மாமா கிரீமை எடுத்தார். பிதுக்கவில்லை. மூடியைத் திருகிக்கொண்டே கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு குரல் கொடுத்தார்.

"யக்கா, இங்க கொஞ்சம் வாயேன். தொடை மடிப்புல ஒரு எடம் கீது. என் வெரலு தடி, உள்ள போவ மாட்டேங்குது. உன் சுண்டு வெரலுதான் போவும்."

எனக்கு நியாயம் பொறுக்கவில்லை. "நேத்து போச்சே மாமா!" என்றேன்.

மாமா என்னைப் பார்த்த பார்வையில் நான் ஓரடி பின்னால் நகர்ந்தேன். "நேத்து போச்சு. இன்னிக்கு வெரலு வீங்கிக்கீது" என்றார், அறைப் பக்கம் பார்த்து, உரக்க.

தம்பி தன் பாஷையில் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தான். பிறகு கட்டில் கிறீச்சிட்டது. அம்மா எழுந்து வந்து அறைக் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தலை கலைந்து, நைட்டி கசங்கி இருந்தது. அங்கிருந்தே எட்டிப் பார்த்தாள்.

"ஆறிடுச்சாடா?"

"நீயே வந்து பாரேன்."

அம்மா பின்பக்கம் போய்க் கை கழுவினாள். தண்ணீர் விழுகிற சத்தம் நிற்காமல் கேட்டுக்கொண்டே இருந்தது. அவ்வளவு நேரம் கழுவும்படி கையில் என்ன இருந்தது என்று தெரியவில்லை. வந்து, புடவைத் துண்டில் கையைத் துடைத்து, ரப்பர் ஷீட் ஓரமாக உட்கார்ந்தாள். சுண்டு விரலை நீட்டினாள். மாமா அதன் நுனியில் கிரீமை ஒரு பொட்டாக வைத்தார். தம்பியின் மடிப்புக்குள் அந்த விரல் மெல்ல, மிக மெல்லப் போய் வந்தது. தம்பி அழவில்லை. யாரோ புதிதாக வந்திருக்கிறார்கள் என்பது போல அம்மாவின் முகத்தையே பார்த்தான். பார்த்துக்கொண்டே, ஒரு நீண்ட வளைவாக, அவள் நைட்டியின் மேல் ஒன்றுக்கு இருந்தான்.

மாமா பதறித் துணியை எடுக்கப் பாய்ந்தார்.

"உடுடா" என்றாள் அம்மா. "புள்ளதானே."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். சத்தம் வராத சின்னச் சிரிப்பு. பிறகு குனிந்து, அவன் பாதத்தைத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். அப்படியே இருந்தாள்.

மாமா எழுந்து, விறுவிறுவென்று வெளியே போய்விட்டார். நான் பின்னாலேயே ஓடினேன். மாடிப்படிக்குக் கீழே, பைக் பக்கத்தில், சுவரைப் பார்த்து நின்றிருந்தார். தூறல் முதுகில் விழுந்துகொண்டிருந்தது. தோள் இரண்டும் குலுங்கின.

"கோவமா மாமா?"

"இல்ல பாப்பா. சாரல் கண்ணுல அடிச்சிட்டுது."

எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. பள்ளிக்கூடத்தில் ஒரு படம் முழுவதையும் நான் வரைந்து வண்ணம் தீட்டி முடிக்கும் நேரத்தில், சூரியனை மட்டும் இன்னொருத்தி போடட்டும் என்று டீச்சர் அவளிடம் கொடுத்துவிட்டார். அன்று நானும் இப்படித்தான் சுவரைப் பார்த்து நின்றேன். இத்தனை நாளும் ஈரத்தைச் சுற்றிக்கொண்டு நடுங்கியது இவர், தும்மியது இவர். கடைசியில் ஆறிய பிறகு அம்மா வந்து உட்கார்ந்துகொண்டால் யாருக்குத்தான் வருத்தம் இருக்காது? போதாததற்கு அம்மாவைக் கூப்பிட்டதே அவர்தான். யோசிக்காமல் கூப்பிட்டுவிட்டார், பாவம்.

நனைந்த அவர் சட்டையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டேன்.

"அழாத மாமா. அம்மாவுக்கு ஒரு தடவதானே குடுத்தோம். சாயங்காலம் நீயே தடவு. நான் சொல்லிடறேன்."

மாமா திரும்பாமலே கையைப் பின்னால் நீட்டி, என் தலைமேல் வைத்தார். ரொம்ப நேரம் எடுக்கவில்லை. அவர் சமாதானமாகிவிட்டார் என்று எனக்கு நிம்மதியாக இருந்தது. உள்ளே போனேன். அம்மா தம்பியை மடியில் போட்டு, குனிந்து அவனுக்கு ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். சாயங்காலம் மருந்து போடுவதை மாமாவுக்கு விட்டுக்கொடுத்துவிட வேண்டும் என்று அவளிடம் கண்டிப்பாகச் சொன்னேன்.